எல்லா வசதிக்கும் 4.2 மதிப்பெண், ஆனால் மூன்றாவது வாரத்தில் ஆட்களைக் காணோம்: ஹெல்த் ஆப் திருப்தி ஆய்வை எப்படிச் சரிசெய்வது?

வெள்ளைப்பலகை (கேள்வி):

ஆப்பில் உள்ளவை இவை: பிபி, சர்க்கரை அளவு பதிவு, மாத்திரை நினைவூட்டல், காலடிக் கணக்கு, டாக்டரிடம் காட்ட பிடிஎஃப் அறிக்கை, குடும்பத்தாரோடு பகிர்வு, விடாமல் பதிந்தால் பேட்ஜ், படிக்கக் கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் "எவ்வளவு திருப்தி?" என்று 1 முதல் 5 வரை கேட்டால், எல்லாமே 4.1-க்கும் 4.3-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதை முதலில் சரிசெய்வது என்று இதிலிருந்து எதுவும் தெரியவில்லை. ஆனால் நிறுவியவர்களில் பெரிய கூட்டம் மூன்றாவது வாரத்தில் பதிவதை நிறுத்திவிடுகிறது.

இதற்கென்று நிலைபெற்ற கேள்வித்தாள் எதையாவது எடுத்துக்கொள்வதா? வசதிவாரியாக எப்படிக் கேட்பது? எத்தனை பேர் போதும்? தமிழில் கேட்கும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

அளவுநாடா:

எட்டு வரிசை, ஐந்து கட்டம் போட்ட ஒரே அட்டவணையில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் கேட்டால் விரல் நேர்கோட்டில்தான் இறங்கும். முதல் வரிசைக்கு 4 போட்டவர் எட்டாவதற்கும் 4 போட்டுவிட்டு எழுந்து போவார். அதைவிடப் பெரிய கோளாறு, பிடிஎஃப் அறிக்கையை ஒருநாளும் திறக்காதவரும் அதற்கு 4 போட்டிருப்பது. "இந்த ஆப் நல்ல ஆப்" என்ற பொதுவான எண்ணம்தான் அந்த எண்ணில் இருக்கிறது, அறிக்கையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

முதலில் லாகைப் (யார் எதை எப்போது பயன்படுத்தினார் என்று ஆப் தானே எழுதிவைக்கும் குறிப்பு) பார்த்து ஆட்களைப் பிரியுங்கள். ஒவ்வொரு வசதிக்கும் நான்கு கூட்டம் இருக்கும்: அப்படியொரு வசதி இருப்பதே தெரியாதவர்கள், தெரிந்தும் தொடாதவர்கள், ஓரிரு முறை தொட்டுவிட்டு விட்டவர்கள், கடந்த 14 நாளில் பயன்படுத்தியவர்கள். திருப்திக் கேள்வியைக் கடைசிக் கூட்டத்திடம் மட்டும் கேளுங்கள். விட்டவர்களிடம் "கடைசியாக முயன்றபோது என்ன செய்யப் பார்த்தீர்கள், எங்கே நின்றது?" என்று எழுத்தில் கேளுங்கள். முதல் இரண்டு கூட்டமும் லாகில் ஒன்றுபோலத்தான் தெரியும். "இந்த வசதி இருப்பது தெரியுமா?" என்ற ஒரு கேள்வி அவர்களைப் பிரித்துவிடும், அதற்குமேல் அவர்களிடம் கேட்க ஒன்றுமில்லை. இந்த நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எந்த ஆப்பிலும் 4.2 வரும்.

கேள்வித்தாள் விஷயம். உங்களுக்குப் பொருந்தக்கூடியவை மூன்று.

எஸ்.யு.எஸ். என்கிற 'சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்': ஜான் புரூக் 1986-இல் உருவாக்கியது. 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. ஒற்றைப்படை வாக்கியங்களில் பதிலிலிருந்து 1 கழிக்க வேண்டும். இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்பவை, அதனால் 5-இலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். பத்தையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் மதிப்பெண். ஒருவர் ஒற்றைப்படையில் 4, 4, 5, 4, 4 என்றும் இரட்டைப்படையில் 2, 1, 2, 3, 2 என்றும் போட்டால் 16-உம் 15-உம் சேர்ந்து 31, அதாவது 77.5. இது சதவீதம் இல்லை. 68-ஐச் சராசரியாக வைத்துக்கொண்டு மேலா கீழா என்று பார்ப்பதுதான் வழக்கம்.

இன்னொன்று, படிக்காமல் பத்துக்கும் ஒரே எண்ணை அழுத்தினவருக்கு, அது எந்த எண்ணாக இருந்தாலும், சரியாக 50 வரும். போட்டுப் பாருங்கள். முடிவில் 50-இல் ஒரு குவியல் தெரிந்தால், மதிப்பெண்ணை விட்டுவிட்டு முதலில் அந்தப் பதில்தாள்களைத் திறந்து பார்க்க வேண்டும்.

மார்ஸ் என்கிற 'மொபைல் ஆப் ரேட்டிங் ஸ்கேல்' 2015-இல் வந்தது. 23 கேள்விகள். ஆனால் இது பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களுக்கானது. பயனர்களிடம் கொடுக்க 2016-இல் வந்த யூமார்ஸ் இருக்கிறது, 20 கேள்விகள்: ஈர்ப்பு, செயல்பாடு, தோற்றம், தகவலின் தரம், அதோடு சொந்த அபிப்பிராயம். மூன்றாவது 2019-இல் வந்த மௌக் (MAUQ) என்கிற 'எம்ஹெல்த் ஆப் யூசபிலிட்டி க்வெஸ்சனர்'. ஹெல்த் ஆப்புகளுக்கென்றே எழுதப்பட்டது, 7 படிகள் கொண்டது. நோயாளி தனியாகப் பயன்படுத்தும் ஆப்புக்கான வடிவத்தில் 18 வாக்கியங்கள்.

இந்த மூன்றும் ஆப் முழுவதற்குமான மதிப்பெண்ணைத்தான் தரும். எந்த வசதி கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லாது. போன வெளியீட்டையும் இந்த வெளியீட்டையும் ஒப்பிட ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், என் தேர்வு யூமார்ஸ். பழுது பார்க்க அது உதவும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தமிழில் கேட்பதில் இரண்டு பள்ளம் உண்டு. ஒன்று, எஸ்.யு.எஸ்-இன் எதிர்மறை வாக்கியங்கள். "இந்த ஆப் தேவையில்லாமல் சிக்கலாக இல்லை என்று சொல்ல முடியாது" என்கிற ரகத்தில் மொழிபெயர்த்து, பக்கத்தில் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று கட்டம் வைத்தால், ஆப் பிடித்துப்போனவர் எந்தப் பக்கம் போவார் என்று கடவுளுக்கே தெரியாது. "தேவைக்கு மேல் சிக்கலாக இருக்கிறது" என்று நேராக எழுதி, "ஆமாம்" பக்கம், "அப்படியில்லை" பக்கம் என்று கட்டங்களை வையுங்கள். இரண்டாவது, நடுக்கட்டத்துக்கு "பரவாயில்லை" என்று பெயர் வைப்பது. ஒருவருக்கு அது பாராட்டு, இன்னொருவருக்கு மரியாதைக்காகச் சொல்லும் குறை. "நல்லதும் இல்லை, மோசமும் இல்லை" என்று நீட்டி எழுதினால் இடம் போகும், ஆனால் பொருள் மாறாது.

மணிமுள்:

ஆய்வு இருக்கட்டும். மூன்றாவது வாரம்னு சொன்னதும் எனக்கு வேற சந்தேகம் வருது. நினைவூட்டலை ஓட்டுற நிரலை (code) முதல்ல திறந்து பாருங்க.

ஐஓஎஸ்-ல (ஐஃபோன்ல) ஒரு ஆப் முன்கூட்டியே பதிஞ்சு வைக்கிற உள்ளூர் நோட்டிஃபிகேஷனுக்கு, அதாவது சர்வர் இல்லாம ஃபோனே நேரத்துக்கு அடிக்கிறதுக்கு, 64-தான் வரம்பு. அதுக்கு மேல பதிஞ்சா, சீக்கிரம் வரவேண்டிய 64-ஐ வச்சுக்கிட்டு மீதியைச் சத்தமில்லாம விட்டுரும், பிழைச் செய்தி எதுவும் வராது. இப்போ ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியா தேதி போட்டுப் பதியிற நிரல்னு வைங்க. நாளுக்கு 3 வேளை மாத்திரைன்னா 21 நாள்ல 63 தீருது. 22-ஆம் நாள் காலை 64-ஆவது அடிக்கும். அன்னைக்கு மதியத்திலிருந்து மௌனம். 4 வேளைன்னா 16 நாளோட சரி. ஆப்பைத் திறக்கிறவங்களுக்குப் பிரச்சினை தெரியாது, ஏன்னா திறக்கும்போதெல்லாம் நிரல் மறுபடி நிரப்பிடும். நோட்டிஃபிகேஷனைப் பாத்துட்டு, தள்ளிவிட்டுட்டு, மாத்திரையைப் போடுறவங்கதான் மாட்டுவாங்க. அவங்க ஆப் கெட்டுப்போச்சுன்னு புகார் பண்ணமாட்டாங்க. அதை மறந்தே போயிருவாங்க, உங்க கணக்குல "விட்டவர்"னு விழுவாங்க.

சரிபண்ற வழி எளிது. ஒரு வேளைக்கு ஒரு பதிவு, தினமும் திரும்ப வர்ற மாதிரி போட்டா 3 வேளைக்கு 3 இடம்தான் போகும். ஒருநாள் விட்டு ஒருநாள், 21 நாள் போட்டு 7 நாள் நிறுத்தம் மாதிரியான முறைகளுக்கு மட்டும் தேதி போட்டுப் பதியுங்க, அதுக்கும் வரம்பு தீர்ற முந்தின நாள் "ஆப்பை ஒருமுறை திறக்கவும்"னு ஒரு இடத்தை ஒதுக்கி வைங்க. ஆப் திறக்கும்போது நிரப்புறதுக்கு முன்னாடி எத்தனை பதிவு மிச்சம் இருந்துச்சுன்னு லாக்ல எழுதுங்க. 0-னு வந்தவங்க எண்ணிக்கைதான் நீங்க தேடுற புள்ளிவிவரம்.

ஆண்ட்ராய்டுல கதை வேற, ஓட்டையும் அதிகம். 13-ஆம் பதிப்பிலிருந்து நோட்டிஃபிகேஷனுக்கே தனி அனுமதி. துல்லியமான அலாரத்துக்கு 12-ல தனி அனுமதி வந்துச்சு. 14-ல புதுசா நிறுவுற ஆப்புக்கு, அது 13-ஓ அதுக்கு மேலேயோ குறிவச்சுக் கட்டினதா இருந்தா, அந்த அனுமதி ஆரம்பத்திலேயே மறுக்கப்பட்டிருக்கும். நிறைய பேர் அனுமதி இல்லைன்னா சாதாரண அலாரத்துக்கு இறங்கிடுற மாதிரி எழுதிடறாங்க. ஃபோன் மேசைமேல அசையாமக் கிடந்தா டோஸ் (Doze) பயன்முறை, அதாவது பேட்டரி மிச்சம்பிடிக்க ஃபோன் தூங்குற நிலை, அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, தான் விழிக்கிற நேரத்துலதான் விடும். காலை 6 மணி தைராய்டு மாத்திரை, எப்போ விழிப்போ அப்போ. டோஸ்ல விழிக்க அனுமதிச்ச அலாரமும் ஒரு ஆப்புக்கு 9 நிமிஷத்துக்கு ஒண்ணுதான், அதனால "5 நிமிடம் கழித்து" பொத்தான் சொன்ன சொல்லைக் காப்பாத்தாது. 10-னு மாத்துங்க.

ஃபோனை அணைச்சுப் போட்டா அலாரம் எல்லாம் அழிஞ்சிரும், ஃபோன் மறுபடி எழுந்ததும் வர்ற 'பூட் முடிஞ்சுது' அறிவிப்பைக் கேட்டு மறுபடி பதியணும். நேர மண்டலம் மாறினா அலாரம் அழியாது, ஆனா அப்பவும் மறுபடி பதியணும். பயனர் ஆப்பை 'ஃபோர்ஸ் ஸ்டாப்' பண்ணினா, அவரே திறக்கிற வரைக்கும் எதுவும் ஓடாது. சில ஃபோன்கள்ல பேட்டரி சேமிப்பு அமைப்பு இந்த வேலையைத் தானா செஞ்சிரும்.

இதையெல்லாம் திருப்திக் கேள்வியால கண்டுபிடிக்க முடியாது. அடிக்கவேண்டிய நேரம், அடிச்ச நேரம், "போட்டாச்சு" அழுத்தின நேரம்னு மூணு நேரத்தையும் பதிஞ்சு, முதல் ரெண்டுக்கும் நடுவுல 5 நிமிஷத்துக்கு மேல போனதெல்லாம் தவறுன்னு எண்ணுங்க. ஆண்ட்ராய்டுல இது நேரடியா கிடைக்கும்.

ஏழாம்கட்டம்:

நினைவூட்டல் அடிப்படை வசதி. அடித்தால் யாரும் கைதட்டமாட்டார்கள், அடிக்காவிட்டால் ஆப்பையே தூக்கிவிடுவார்கள். திருப்தி எண்ணில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் அதுதான். 1984-இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ வகுத்த முறை இதற்கென்றே இருக்கிறது. ஒரே வசதியைப் பற்றி இரண்டு கேள்வி: "இது இருந்தால் எப்படி?" "இது இல்லாவிட்டால் எப்படி?" இரண்டுக்கும் அதே ஐந்து பதில்: பிடிக்கும், இருக்கவேண்டியதுதான், எதுவானாலும் சரி, பொறுத்துக்கொள்வேன், பிடிக்காது. இரண்டாவது பதிலை இல்லாமைக் கேள்வியில் "அப்படித்தான் இருக்கவேண்டும்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படிப்பவர் குழம்புவார்.

இருந்தால் "பிடிக்கும்", இல்லாவிட்டால் "பிடிக்காது" என்றால் அது அளவோடு கூடும் வசதி. இருந்தால் நடுவிலுள்ள மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் "பிடிக்காது" என்றால் அடிப்படை. இருந்தால் "பிடிக்கும்", இல்லாவிட்டால் நடுவில் ஒன்று என்றால் கவர்ச்சி. இரண்டுமே நடுவில் விழுந்தால் அக்கறையில்லை. இருந்தால் பிடிக்காது என்கிற பக்கம் சாய்ந்தால் எதிர்வினை. இரண்டுக்கும் "பிடிக்கும்", அல்லது இரண்டுக்கும் "பிடிக்காது" என்றால் அந்தத் தாளைத் தள்ளிவையுங்கள், கேள்வியைப் படிக்கவில்லை.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 50 பேர், "குறித்த நேரத்தில் நினைவூட்டல்": அடிப்படை 28, அளவோடு கூடுவது 14, கவர்ச்சி 3, அக்கறையில்லை 5. திருப்தி கூட்டும் திறன் (3 + 14) ÷ 50 = 0.34. இல்லாவிட்டால் வரும் அதிருப்தி (14 + 28) ÷ 50 = 0.84. அதே 50 பேர், "விடாமல் பதிந்தால் பேட்ஜ்": கவர்ச்சி 9, அளவோடு கூடுவது 3, அடிப்படை 1, அக்கறையில்லை 30, எதிர்வினை 7. எதிர்வினையை வகுக்கும் எண்ணில் சேர்க்கக்கூடாது, ஆக 43. 12 ÷ 43 = 0.28, 4 ÷ 43 = 0.09. பேட்ஜை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட யாருக்கும் வலிக்காது.

ஆனால் அந்த 7 பேரை விட்டுவிடாதீர்கள். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்து எழுந்தவரிடம் "உங்கள் 40 நாள் தொடர் முறிந்தது" என்று சொல்லும் வசதி அது. உடம்பு சரியில்லாதவருக்கான ஆப்பில், உடம்பு சரியில்லாமல் போனதற்கே தண்டனை. நாள் தொடரை எடுத்துவிட்டு "கடந்த 30 நாளில் 26 பதிவு" என்று காட்டினால் போதும், முறிய எதுவும் இல்லை.

ஒரு வசதிக்கு இரண்டு கேள்வி என்பதால் 6 அல்லது 7 வசதிக்கு மேல் ஒருவரிடம் கேட்காதீர்கள்.

மணிமுள்:

கானோவுல எனக்கு ஒரு தகராறு உண்டு. "பிபி பதிவு இருந்தால் எப்படி?"ன்னா எல்லாரும் "இருக்கவேண்டியதுதான்"னு சொல்லிருவாங்க. அது இருக்கு, ஆனா பதியவே கடுப்பா இருக்குங்கிறது அதுல வராது. வசதி பேரைக் கேக்காம, அது நடந்துக்கிற விதத்தைக் கேளுங்க: "மூன்று எண்களையும் 10 நொடிக்குள் பதிய முடிந்தால் எப்படி?"

பதிவுத் திரையில கைவைக்கவேண்டியது நிறைய. மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு. எண் விசைப்பலகை தானா வரணும். ஒரு பெட்டி நிரம்பினதும் அடுத்ததுக்குத் தானா தாவுறது நல்ல வசதிதான், ஆனா "3 இலக்கம் வந்ததும் தாவு"ன்னு எழுதிட்டா 98 போட்டவர் அங்கேயே நிப்பார். "2 இலக்கம் வந்ததும் தாவு"ன்னா 128 போடுறவரோட 8 அடுத்த பெட்டிக்குப் போயிரும். முதல் இலக்கம் 1 அல்லது 2-ன்னா மூணுக்குக் காத்திருங்க, 3 முதல் 9 வரைன்னா ரெண்டோட தாவுங்க. மூணு பெட்டிக்கும் இதே விதி வேலைசெய்யும். மேல் எண்ணைவிடக் கீழ் எண் பெருசா இருந்தா "இடம் மாறிவிட்டதா?"ன்னு கேளுங்க, பதிவையே மறுத்துடாதீங்க.

சர்க்கரையில அலகு. லிட்டருக்கு இத்தனை மில்லிமோல்ங்கிற அளவை 18-ஆல பெருக்கினா டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்ங்கிற அளவு வரும்: 5.8-ன்னா 104. மீட்டர் ஒரு அலகுல காட்டி ஆப் இன்னொண்ணைக் கேட்டா, மில்லிகிராம் பெட்டியில 5.8 விழும், வரைபடம் தரையில போய் ஒட்டிக்கும். மில்லிகிராம் பெட்டியில 20-க்குக் கீழ வந்தா நிறுத்திக் கேக்கணும். வெறும் வயிறா, சாப்பிட்ட பிறகாங்கிற அடையாளத்தைப் பதிவோட சேத்தே வாங்குங்க, நேரத்தை வச்சு ஊகிக்காதீங்க. ரெண்டையும் ஒரே கோட்டுல வரைஞ்ச அறிக்கையை டாக்டர் ஒரு பார்வையில ஒதுக்கிருவார், அப்புறம் பிடிஎஃப் வசதிக்கு 2 மதிப்பெண் விழுந்துச்சேன்னு நீங்க எழுத்துருவை மாத்திக்கிட்டு இருப்பீங்க.

காலடியில ரெண்டே ரெண்டு. ஃபோனும் கைக்கடிகாரமும் எண்ணினதைக் கூட்டிடாதீங்க. ஐஓஎஸ்-ல படிக்கிற அனுமதியைப் பயனர் மறுத்துட்டாரான்னு ஆப்புக்குத் தெரியவே தெரியாது, தரவு இல்லாத மாதிரிதான் வரும். அதை "0 அடிகள்"னு காட்டினா, நடந்து முடிச்சு வந்தவருக்குக் கோபம் வராம என்ன செய்யும்? "தகவல் கிடைக்கவில்லை, அனுமதியைச் சரிபாருங்கள்"னு காட்டுங்க.

வெள்ளைப்பலகை:

64 வரம்பைச் சோதிக்கிறோம், நாள் வாரியாகப் பதிவதுதான் இப்போதைய முறை. இரண்டு விஷயம் பாக்கி: எத்தனை பேர், எப்போது கேட்பது? ஸ்டோர் ரேட்டிங் கேட்கும் பெட்டியையும் இதோடு சேர்க்கலாமா?

அளவுநாடா:

சேர்க்காதீர்கள். "ஆப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டு, ஆமாம் என்றவரை ஸ்டோருக்கும் இல்லை என்றவரை உங்கள் படிவத்துக்கும் அனுப்பும் தந்திரத்தைப் பலர் செய்கிறார்கள். ரேட்டிங் பெட்டிக்கு முன் அபிப்பிராயம் கேட்கக்கூடாது என்று கூகுள் ப்ளேயின் வழிகாட்டலே சொல்கிறது. ஐஓஎஸ்-இல் அந்தப் பெட்டி ஒருவருக்கு 365 நாளில் 3 முறைக்கு மேல் தோன்றாது. அதனால் அதை ஆய்வுக் கருவியாக நம்பவும் முடியாது.

நேரம்: வேலை முடிந்த கையோடு கேளுங்கள், ஆனால் காட்டிய எண்ணைப் பார்த்து. திரையில் 168/102 தெரியும்போது "எங்கள் பதிவு வசதி எப்படி?" என்று பெட்டி வந்தால், அதில் விழும் 1 உங்கள் வசதிக்கானது இல்லை, அந்த பிபிக்கானது. வரம்பு மீறிய பதிவு வந்த நாளில் அந்தப் பயனரிடம் எதுவும் கேட்காமலிருக்க ஒரு நிபந்தனை போடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே வசதி, இரண்டு கேள்வி, 30 நாளுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பதிலோடு ஆரோக்கிய எண்களைச் சேர்த்து அனுப்பாதீர்கள், "வரம்புக்குள்" என்ற குறிகூட வேண்டாம். திருப்தி ஆய்வுக்கு அது தேவையில்லை.

எண்ணிக்கை: "திருப்தி" என்று சொன்னவர்களின் சதவீதம் 50-ஐ ஒட்டி இருந்தால், 95% நம்பிக்கையில் 100 பேருக்குப் பிழை சுமார் ±10 புள்ளி, 400 பேருக்கு ±5. 30 பேர் என்றால் ±18, அதை வைத்து இரண்டு வசதிகளை ஒப்பிடாதீர்கள். இது ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகப் பொருந்தும். மொத்தம் 400 பேர் பதில் சொல்லி, அதில் பகிர்வு வசதியைப் பயன்படுத்தியவர் 22 என்றால், பகிர்வைப் பொறுத்தவரை உங்கள் ஆய்வு 22 பேர் ஆய்வு. அங்கே எண்ணை விட்டுவிட்டு 6 பேரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். பகிர்வில் பெரும்பாலும் பேச்சு போய் நிற்பது, மகளுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அப்பாவுக்குத் தெளிவாக இல்லை என்ற இடத்தில். "அவர்கள் திரையில் இப்படித் தெரியும்" என்று ஒரு முன்காட்சி வைத்தாலே பாதி தீரும்.

முடிவைச் சராசரியாக எழுதாமல், 4-உம் 5-உம் போட்டவர் எத்தனை சதவீதம், 1-உம் 2-உம் போட்டவர் எத்தனை என்று இரண்டு எண்ணாக எழுதுங்கள். எல்லாரும் 4 போட்டதும், பாதிப்பேர் 5, பாதிப்பேர் 3 போட்டதும் சராசரியில் ஒன்றுதான்.

ஏழாம்கட்டம்:

போனவர்களிடம் கேட்க ஒரு வரி. நினைவூட்டல் பதிவுகள் தீர்ந்துபோனவர்களையும், வேறு காரணத்தால் நிறுத்தியவர்களையும் பிரித்து, இரண்டாவது கூட்டத்துக்கு மட்டும் அனுப்புங்கள்: "நீங்கள் பதிவதை நிறுத்திச் சில நாளாகிறது. இப்போது அளவுகளை எங்கே குறித்துக்கொள்கிறீர்கள்?" பதில்கள்: நோட்டில், மீட்டரின் நினைவகத்தில், வேறு ஆப்பில், டாக்டர் தேவையில்லை என்றார், எங்குமில்லை. "ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால் "நேரமில்லை" என்றுதான் வரும். எங்கே போனார்கள் என்று கேட்டால் உண்மை வரும். "டாக்டர் தேவையில்லை என்றார்" என்பவர்களை இழப்புக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், அவர்களுக்கு ஆப்பின் வேலை முடிந்துவிட்டது.